பிச்சிப் பூ வராத நாட்கள்

நேற்று மத்தியானம் குற்றாலத்துத் தோப்பு வீட்டில் என் மருமகள் என்னுடைய மரப்பெட்டியைத் திறந்தாள். கம்பளி எடுக்கவாம். சாரல் பிடித்து நான்கு நாளாகிறது, சுவரெல்லாம் ஈரம், கம்பளி வேண்டியதுதான். ஆனால் கம்பளி மேலாகவே இருக்கிறது. அவள் கை ஏன் பெட்டியின் அடிவரைக்கும் போனது? நான் கட்டிலில் தூங்குகிறவள் மாதிரிப் படுத்துக்கொண்டு, அரைக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தேடினது அரிஷ்டப் புட்டியை. அது அகப்படவில்லை, இருந்தால்தானே அகப்படும். அகப்பட்டது என்னுடைய வெள்ளிச் சிமிழ். கை நழுவிக் கீழே விழுந்து, மூடி திறந்து உருண்டது. உள்ளே ஒன்றும் கிடையாது. நான்கு வருஷமாக அது வெறும் சிமிழ்தான். ஆனாலும் பழைய ஜவ்வாது வாசனை எழுந்து அறையை நிறைத்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது.

"எடுத்து வெளிய போடுட்டி அத!" என்று கத்தினேன்.

"என்னத்தெ, நீங்க தூங்கலியா?" என்றாள் அவள். முகம் செத்துப்போய்விட்டது. "கம்பளி எடுக்க வந்தேன்."

"கம்பளிக்கு வாசம் உண்டோ, மோந்து மோந்து தேடுதே?"

அவள் கம்பளியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். சிமிழ் மட்டும் கட்டில் காலடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. நீ போய்ச் சேர்ந்து நான்கு வருஷத்துக்குமேல் ஆயிற்று. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார், இவள் ஆணாய்ப் பிறந்திருந்தால் கணக்குப்பிள்ளை ஆகியிருப்பாள் என்று சொன்னாராம். இப்போது என் பேத்தி எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் பேனாவில்தான் எழுதுகிறேன். எழுத்து இன்னும் சாயவில்லை, பார்.

நீ என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு தென்காசி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே நான் உன்னை நம்பவில்லை. அதை இப்போது மறைக்க என்ன இருக்கிறது. நீ எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்று சொல்லுவாய். சண்டைக்கு வருகிறவளை எனக்குத் தெரியும், அவள் எந்தப் பக்கம் வருவாள் என்று தெரியும். "சரிக்கா" என்கிறவள் எந்தப் பக்கம் வருவாள்? நிலைப்பேழைச் சாவி என் இடுப்பில் இருந்தது. அது எப்போது உன் இடுப்புக்குப் போகும் என்று நீ பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். சாயங்காலம் ஆனால் ஒரு முழம் பிச்சிப் பூவை வாழை இலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்து, என் கொண்டையில் நீயே சூட்டிவிடுவாய். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். இவள் எதற்கு இப்படிக் காக்காய் பிடிக்கிறாள் என்று.

என் உடம்பிலிருந்த கட்டியை முதலில் கண்டது நீ. யுத்தம் தொடங்குவதற்கு நான்கு வருஷம் முன்னால், இதேமாதிரி ஒரு சாரலில், பெண்கள் பக்கத்து அருவியில். எனக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நீ, அக்குள் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டாய். பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்தாய்.

"அக்கா, இங்கன என்னமோ கல்லு மாதிரி இருக்கே."

"எண்ணெய தேய்ட்டி. வயசானா எல்லாருக்கும் எங்கனயாவது கல்லுதான்."

"வலிக்கா?"

"நீ அமுக்குதது வலிக்கி" என்றேன்.

வலிக்கத்தான் செய்தது. அருவிக்கடியில் நிற்க முடியாமல், தண்ணீர் இடப் பக்கம் விழாதபடி ஒதுங்கி நிற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதையும் நீ பார்த்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்மேல் கோபம்தான் வந்தது.

இன்னொன்றையும் நீ பார்த்திருப்பாய் என்ற பயம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. கடைசிப் பிள்ளை பிறந்து செத்ததிலிருந்து செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து வைத்தியர் எனக்கு அரிஷ்டம் கொடுத்து வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கரண்டி. "மருந்தாணு அம்மா, கள்ளல்ல" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார். இரண்டு கரண்டி அவுன்ஸ் கிளாஸ் ஆனது. அவுன்ஸ் கிளாஸ் டம்ளர் ஆனது. சாயங்காலம் செங்கோட்டை ரயில் கூவும்போது நான் நெல் பத்தாயத்துக்குப் பின்னால் போவேன். அங்கேதான் புட்டி. வெளியே வரும்போது வாயில் ஏலக்காய், கழுத்திலும் கையிலும் ஜவ்வாது. பெரிய வீட்டுப் பொம்பிளை வாசனையாக இருக்கிறாள் என்று ஊரில் பேர். மருந்து என்று நான் சொன்னேன், மருந்து என்று எல்லாரும் சொன்னார்கள். நான் குடித்தேன். பன்னிரண்டு வருஷம் குடித்தேன். இந்த வார்த்தையை என் கையால் எழுதுவது இதுவே முதல் தடவை.

தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரவுக என்னை வாசலில் விட்டுவிட்டு அறுப்பு கிடக்கிறது என்று வடகரை வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். நீதான் கூட இருந்தாய். வெள்ளைக்கார டாக்டரம்மா என் மார்பைப் பார்த்தாள், அக்குளைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து என் வாயை மோந்தாள்.

"நீ சாராயம் குடிக்கிறாயா?" அவளுடைய தமிழ் வேதப் புத்தகத் தமிழ்.

"எங்க வீட்டுல சாராயத்த வாசல்ல கூட ஏத்த மாட்டோம். மருந்து சாப்பிடுதேன்."

"மருந்தோ, சாராயமோ, இரண்டும் ஒன்று. இது புற்று. மார்பை எடுக்கவேண்டும். மயக்க மருந்து கொடுக்கவேண்டும். குடிக்கிறவர்களுக்கு மயக்கம் சரியாக வராது. இன்றோடு விடு. விடமாட்டேன் என்றால் வீட்டுக்குப் போ."

நீ சன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே அப்படி என்ன இருந்தது? ஒரு வேப்பமரம்கூட இல்லை, நான் பிறகு பார்த்தேன்.

விட்டேன். ஆஸ்பத்திரியில் முதல் ஒன்பது நாளும் கை நடுங்கினதையும், சுவரில் எறும்புகள் ஊர்வதாக நான் கத்தினதையும் நீ யாரிடமும் சொல்லவில்லை. மார்பையும் எடுத்தார்கள். காயம் மெல்ல மூடியது. அக்குளுக்குக் கீழே ஒரு மூலை மட்டும் மூடவில்லை. துணியை எப்படி மாற்றுவது என்று நர்சு எனக்குக் கற்றுக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் நானே கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினேன். பழைய துணியை நானே விடியுமுன் கிணற்றடியில் கசக்கினேன். நீ கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, நான் ஒரு தடவ பாக்கட்டா?" என்று கேட்பாய். "பாக்கதுக்கு என்னட்டி இருக்கு? இருந்தது போயிட்டுல்லா" என்பேன்.

அந்த நாட்களில்தான் நீ பிச்சிப் பூ கொண்டுவருவதை நிறுத்தினாய்.

முதல் நாள் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் வரவில்லை. வாரம் ஒன்று ஆயிற்று. உன் தலையிலும் பூ இல்லை. இவள் என்னை அறுத்துப்போட்ட முண்டம் என்று ஒதுக்கிவிட்டாள், இனி இவளுக்கு என்ன பூ என்று நினைத்துவிட்டாள், சாவிக்கு நாள் பார்க்கிறாள். என் புத்தி இப்படித்தான் ஓடியது. ஆனால் பூ இல்லாமலும் நீ வருவாய். பேன் பார்க்கிறேன் என்பாய். கழுத்தில் எறும்பு என்பாய். தலையணையைச் சரி செய்கிறேன் என்பாய். என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும், என்மேல் குனிந்து மெதுவாக ஒரு மூச்சு இழுப்பாய். ஒரே ஒரு மூச்சு. நான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மோந்ததைப் பார்த்துவிட்டு வந்து, இவளும் மோந்து பார்க்கிறாள். நான் குடித்திருக்கிறேனா என்று வேவு பார்க்கிறாள். நீ குனியும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன்.

குடிக்காமல் இருந்தவரைக்கும் அந்த மூச்சு எனக்கு அவமானமாக மட்டும் இருந்தது. நாற்பது நாளைக்குமேல் இருந்தேன். பிறகு ஒரு மழை நாள். இல்லாத மார்பு அரித்தது. சொன்னால் நம்புவார்களா, இல்லாத இடம் அரிக்கிறது என்றால்? சொறிய ஒன்றும் இல்லை. வைத்தியருடைய ஆள் வழக்கம்போலப் புட்டியோடு வாசலில் வந்து நின்றான். அவனுக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. சளிக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன். ரயில் கூவியது. பத்தாயத்துக்குப் பின்னால் போனேன்.

அன்று முதல் பதினோரு நாள். வாயில் ஏலக்காய். கழுத்தில் ஜவ்வாது. ஐந்தாறு நாள் போனதும் என்மேல் ஒரு புது வாடை அடிக்கிறமாதிரி எனக்கே தெரிந்தது. புளித்த வாடை. அரிஷ்டம் தோல் வழியாக வெளியே வருகிறது என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவுதான் எட்டியது. இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஜவ்வாதை அள்ளினேன். கழுத்தில், அக்குளில், கட்டுத் துணியின்மேல்கூட. நீ குனிந்து மூச்சு இழுத்தாய். நெற்றி சுருங்கியது.

"என்னக்கா, கல்யாண வீட்டுக்குப் போறமாதிரி இருக்கியளே."

"ஏன், பொண்டாட்டி செத்தவன் வீட்டுல இருக்கமாதிரி இருக்கணுமோ?"

நீ தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போனாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல். இடது கை உலக்கை மாதிரி வீங்கிவிட்டது. நீ கதவைத் தள்ளி, என் கையைத் தட்டிவிட்டு, துணியைப் பிரித்தாய். அன்று மட்டும்தான் நீ என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே சீழ். வண்டி, ரயில், மறுபடி வண்டி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய். கீறிச் சீழை எடுத்தார்கள். நினைவு வந்தபோது டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் உனக்கு என்ன சொன்னேன்? இவள் யாரையும் பார்க்கவிட மாட்டாள், ஆகையால் தினமும் மோந்து பார், வாசனை மாறினால் அன்றைக்கே கொண்டு வா என்று சொன்னேனா, இல்லையா? பூ வைக்காதே, வாசனை எதுவும் கிட்டே வைக்காதே என்று சொன்னேனா? ஒரு வாரமாக நாறியிருக்கும். உனக்கு மூக்கு இல்லையா? இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிணத்தைக் கொண்டு வந்திருப்பாய்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது பூசியிருந்தாள் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் பூசினாள் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு முடிந்தது. என்னைக் கவிழ்க்க இதைவிட நல்ல சமயம் உனக்கு எங்கே கிடைக்கும்?

"என் தப்புதாம்மா" என்றாய். "எனக்குச் சளி பிடிச்சிருந்துது. வாசம் தெரியல."

உனக்குச் சளி பிடித்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அதற்கு மேலும் கேள், இதை எழுதவே கை கூசுகிறது: இவள் எதற்காக இதை மறைக்கிறாள், பின்னால் ஒருநாள் எடுத்துக் காட்டவா, என்றுதான் அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து பத்தாயத்துக்குப் பின்னால் போனேன். புட்டி இருந்த இடத்தில் புட்டி இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் யாரிடம் கேட்பேன்? வைத்தியருடைய ஆளும் அதற்குப் பிறகு வாசலுக்கு வரவில்லை. கை தோளுக்குமேல் ஏறவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றவேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். காலையிலும் மத்தியானத்திலும் நீ அதை நினைவுபடுத்தினதே இல்லை. ஆனால் சாயங்காலம் ரயில் கூவினால் போதும், எங்கே இருந்தாலும் கரித்துண்டோடு வந்துவிடுவாய்.

"வாங்கக்கா, கை எம்புட்டு ஏறுதுன்னு பாப்போம்."

"சும்மா போட்டீ. நேத்துதான் ஏறிச்சு."

"நேத்து ஏறுனது நேத்தைக்கு. இன்னைக்கு ஏத்துங்க."

கூடத்துச் சுவரில் நின்று விரலை நண்டு மாதிரி நகர்த்துவேன். வலியில் கண்ணில் தண்ணீர் வரும். நாக்கு வறண்டு பத்தாயத்தின் பக்கம் இழுக்கும். நீ பக்கத்தில் நின்று, விரல் நின்ற இடத்தில் கரியால் ஒரு கோடு போடுவாய். முந்தின நாள் கோட்டுக்குக் கீழே நின்றாலும் கோடு போடுவாய். ஒருநாள் நான் உன்னை அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். "ஆங், இப்பம் நல்லா ஏறுதுல்லா" என்று அங்கேயும் ஒரு கோடு போட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த வேளை என்னைத் தாண்டிப் போயிருக்கும்.

மூன்று வேளையில் அந்த ஒரு வேளையை மட்டும் நீ ஏன் பிடித்துக்கொண்டாய்? ரயில் கூவும் நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லையே.

ஐப்பசியில் அந்த மூலையும் மூடிவிட்டது. அன்று சாயங்காலம் கரித்துண்டோடு ஒரு முழம் பிச்சிப் பூவும் வந்தது. வாழை இலைத் துண்டில். நீயே என் கொண்டையில் சூட்டிவிட்டாய். உன் தலையிலும் அன்றைக்குத்தான் பூவைப் பார்த்தேன்.

யுத்தத்தின் இரண்டாம் வருஷம் உனக்கு மலைக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். மூன்றாம் நாள் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் இல்லை. இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று உன் காதுப் பக்கம் குனிந்தேன். ஜவ்வாது என்று தொடங்கவேண்டும். வார்த்தை வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. நீ கண்ணைத் திறக்காமலே சிரித்தாய்.

"என்னக்கா, மோந்து பாக்கியளா?"

அவ்வளவுதான். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து? பதினோரு நாளும் தெரிந்துகொண்டா என் ஜவ்வாதை மோந்தாய்? அல்லது துணியைப் பிரித்தபோதுதான் தெரிந்ததா? தெரிந்தே விட்டாயா, ஏமாந்து விட்டாயா? நான்கு வருஷமாக நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சந்தேகப்படுவதை என்னால் இன்னும் முழுக்க விட முடியவில்லை. அது எனக்குப் பழகிப்போன கை. ஆனால் உன்னைச் சந்தேகப்பட்ட ஒவ்வொரு தடவையும் தோற்றது நான்தான்.

ஜவ்வாதை அன்றைக்கே விட்டுவிட்டேன். தென்காசியில் இன்றும் ரயில் கூவினால் சுவருக்குப் போய்விடுவேன். உன் கோடுகளை வெள்ளையடிக்க விடவில்லை. கூடத்துச் சுவர் என்ன அடுக்களையா, ஏன் கரியாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். கஷ்டம் இங்கே குற்றாலத்தில்தான். இங்கே ரயில் சத்தம் கேட்காது. நாள் முழுக்க அருவியின் இரைச்சல் ஒன்றுதான். எது அந்த வேளை, எது அது தாண்டின வேளை என்று தெரியவில்லை. எல்லா வேளையும் அந்த வேளையாக இருக்கிறது.

நான்கு நாளைக்கு முன்னால் வைத்தியருடைய மகன் வந்தான். அவர் காலமாகிவிட்டார், இப்போது இவன்தான் வைத்தியம் பார்க்கிறான். சாரலுக்குச் சூடாக இருக்கும் என்று என் மகனிடம் ஒரு புட்டி அரிஷ்டம் கொடுத்துவிட்டுப் போனான். பழைய கதை தெரியாத என் மகன், அம்மைக்கு ஆகும் என்று அதை அடுக்களைப் பலகையில் வைத்தான். மருமகளுக்குக் கதை தெரியும். நீ சொல்லியிருப்பாயா? நீதான் சொல்லியிருப்பாய். மறுநாள் விடியக்காலம் நான் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு போய், பலாமரத்து மூட்டில் கவிழ்த்தேன். மூடியைத் திறந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. கை நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லமாட்டேன். பிறகு கவிழ்த்தேன். வெறும் புட்டியை ஓடையில் விட்டேன். பார்த்தவர் யாரும் இல்லை. பலகையில் புட்டியைக் காணவில்லை என்றால் மருமகள் என்ன நினைப்பாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன நினைத்திருப்பேன்? அதனால்தான் கம்பளி தேடினாள்.

இன்னொன்றும் உண்டு. தழும்புக்குக் கீழே மிளகு அளவில் ஒன்று புதிதாக உருண்டிருக்கிறது. ஒரு மாதமாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலையில் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, தலையணையைச் சரி செய்கிறேன் என்று குனிந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பயந்துவிட்டாள்.

"தலையாணி நல்லாத்தான் இருக்கு. இங்கன உக்காரு."

"என்னத்தெ?"

"புட்டிய நான் பலாமரத்து மூட்டுல ஊத்திட்டேன். நம்புவியோ மாட்டியோ. மோந்து பாரு."

"ஐயோ அத்தெ, நான் அப்படியெல்லாம்…"

"மோந்து பாருன்னா பாரு. வாயப் பாரு முதல்ல. அப்புறம் இங்கன பாரு." மாராப்பை எடுத்தேன். கடைசிப் பிள்ளையைப் பெற்ற பிறகு வீட்டில் நீ ஒருத்தி தவிர யாரும் பார்க்காத இடம். அவள் விரலைப் பிடித்து அந்த மிளகின்மேல் வைத்தேன். "இது புதுசு. இதுல வாசம் வந்தா அன்னைக்கே வண்டி கட்டணும். உனக்குச் சளி கிளி இல்லியே?"

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அவள் தலையில் பூ இருந்தது, அதைக் கழற்றி வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கழற்றினாள். பிறகு என்மேல் குனிந்து, மெதுவாக, ஒரே ஒரு மூச்சு இழுத்தாள்.

நான் மூச்சை அடக்கவில்லை.